பதினான்காம் போர்ட்

செவ்வாய் இரவு, ஆறரை மணி வகுப்பு.
ஒஹாயோவில் பிப்ரவரி.
மிதியடியில் உப்பும் சேறுமாய்
பதினொரு பேரின் காலடி.
டயாலிசிஸ் நிலையத்தில் வரவேற்பு வேலை முடித்து
சீருடையைக்கூட மாற்றாமல் வந்துவிடுவேன்.
பக்கத்து நாற்காலியில் வெண்டல் கிராட்ஸ்,
ஐம்பத்து மூன்று வயது.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அதையே மேசை முழுக்கத் தேடுகிறவர்.

முதல் மாதம் எட்டுக் கம்பிகளை வரிசைப்படுத்தினோம்.
வெள்ளையோடிய ஆரஞ்சு, ஆரஞ்சு,
வெள்ளையோடிய பச்சை, நீலம்...
அவர் கட்டைவிரலுக்கு முன்னால் அவை தலைமுடி.
என் கேபிளில் ஏழாம் விளக்கு எரியவில்லை.
அவருடையதில் எட்டும் எரிந்தன.
எதுவும் சொல்லாமல் அந்தக் கேபிளைச் சுருட்டி
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார்.
கல்லூரிச் சொத்து. ஹோலப் அம்மாள் பார்த்தும்
பார்க்காத மாதிரி வெண்பலகையைத் துடைத்தார்.

இன்று மேசைமேல் பழைய ஸ்விட்சுகள்.
மூடிய ஏதோ ஆலை தானமாகத் தந்தவை.
காற்றுத் துளைகளில் இன்னும் சாம்பல் தூசி.
"பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டார்," என்றார் ஹோலப்.
"வழி கண்டுபிடித்து உள்ளே போங்கள்.
என்ன இருக்கிறதென்று படியுங்கள்.
பிறகு மிச்சமில்லாமல் அழியுங்கள்.
பத்து மதிப்பெண்."

நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
அவர் மின்சாரம் கொடுத்தார்.
மூன்றாவது முயற்சியில் திறந்தது.
திரையில் முதலில் வந்தது பெயர்:
மூன்றாம் வரிசை, வளைப்புக் கூடம்.

வெண்டல் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

போர்ட் நான்கு: இரண்டாம் வாசல், வருகைக் கடிகாரம்.
போர்ட் ஒன்பது: வெர்னா மேசை.
போர்ட் பதினான்கு: உலை. பிடுங்காதே.
பிடுங்கிவிட்டால் ஓடாதே, எனக்குப் போன் செய்.

அந்த 'எனக்கு' யாரென்று எழுதியிருக்கவில்லை.
"டேரல்," என்றார் வெண்டல், நான் கேட்காமலே.
"பிடுங்கியது நான்தான். கால் தடுக்கி.
நாற்பது காருக்கான முன்கண்ணாடி
தோசைமாவு மாதிரி தொங்கிப்போச்சு."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

இருபத்து நான்கு போர்ட்டையும் படித்தார்,
காலியாக இருந்தவற்றையும்.
"நான் வேணா அழிக்கட்டுமா?" என்றேன்.
"மதிப்பெண் எனக்கும் வேணுமே," என்றார்.
வேலை போனவர்களுக்கான நிதியில் படிக்கிறார்;
தேறாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பணம் வராது.
இரண்டே விரலால் கட்டளையை அடித்தார்.
உறுதிதானா என்று இயந்திரம் கேட்டது.
நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன்,
அது அவிழ்ந்திருக்கவில்லை.

அழிய நான்கு நொடி.
ஆலையை மூடுவதற்குப் பதினெட்டு மாதம் இழுத்தார்களாம்.

மறுபடி உயிர் வந்ததும் அது கேட்கும்:
தொடக்க அமைப்புக்கு நான் உதவட்டுமா, ஆமா இல்லையா?
இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்,
இரண்டாம் வாரமே ஹோலப் சொல்லிவிட்டார்.
ஆம் என்றால் அது கேள்விமேல் கேள்வி கேட்டு
நம்மைத் தன் போக்கில் இழுத்துப் போகும்.
இல்லை என்றால் வெறும் கோடு துடிக்கும்,
மீதியை நாம்தான் எழுத வேண்டும்.
வெண்டல் 'இல்லை' என்று அடித்தார்.
பிறகு பதினான்காம் போர்ட்டுக்கு மட்டும்
ஏதோ ஒரு வரி எழுதினார்.
பாடத்தில் அது இல்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்கு அறையைப் பூட்டினார்கள்.
வாகன நிறுத்தத்தில்
அவர் வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை,
இரண்டாவதில் கிளம்பியது.
நான் என் காரின் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டினேன்.
கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு முத்திரை,
ஆறு வருடமாய் ஓட்டுகிறேன், பார்த்ததேயில்லை.
கையுறையால் தேய்த்துப் படித்தேன்.
வேறு ஏதோ ஆலை.
வேறு ஏதோ ஊர்.